சிப் நம்முடையது, கம்பைலர்?

புது தில்லியில் 2025 செப்டம்பர் 2-ம் தேதி செமிகான் இந்தியா மாநாடு தொடங்கியபோது, மத்திய அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் பிரதமர் நரேந்திர மோடியிடம் ஒரு பரிசை அளித்தார். அதில் இருந்தது விக்ரம் 3201 என்ற சிப். இஸ்ரோவின் ராக்கெட்டுகளுக்காகத் திருவனந்தபுரத்தின் விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் வடிவமைத்தது. பஞ்சாபின் மொஹாலியில் உள்ள செமிகண்டக்டர் ஆய்வுக்கூடத்தில் தயாரானது. மறுநாள் பத்திரிகைகளில் அந்தச் சின்னஞ்சிறு சதுரத்தின் படம்தான்.

அந்தப் பரிசுப் பெட்டியில் வைக்க முடியாத பொருள் ஒன்று உண்டு. அதற்கு எடை கிடையாது. படம் எடுத்தால் விழாது. ஆனால் அது இல்லாவிட்டால் விக்ரம் 3201 வெறும் சிலிக்கான் துண்டு. அதன் பெயர் கிராஸ் கம்பைலர்.

இந்த விஷயம் ஒன்றும் ரகசியமல்ல. அதே ஆண்டு மார்ச் 5-ம் தேதி இந்த சிப்கள் இஸ்ரோ தலைவர் வி. நாராயணனிடம் ஒப்படைக்கப்பட்டபோது வெளியான அறிவிப்பிலேயே இருக்கிறது. விக்ரம் 3201-க்கு என்று தனிக் கட்டளைத் தொகுப்பு உண்டு. ஏடா மொழிக்கான கம்பைலர், அசெம்ப்ளர், லிங்கர், சிமுலேட்டர் எல்லாவற்றையும் இஸ்ரோவே எழுதிக்கொண்டது. சி மொழிக்கான கம்பைலர் தயாராகி வருகிறது. அறிவிப்பில் இதற்குக் கிடைத்த இடம் இரண்டு மூன்று வரிகள். 180 நானோமீட்டர் என்றால் என்ன என்று பக்கம் பக்கமாக விளக்கியவர்களில் பலர் இந்த வரிகளைத் தாண்டிப் போய்விட்டார்கள். ஆனால் சிப் விஷயத்தில் இந்தியாவின் தற்சார்பு எவ்வளவு தூரம் உண்மை என்பது அந்த வரிகளில்தான் இருக்கிறது.

கம்பைலர் ஒரு மொழிபெயர்ப்பாளர். சி, ஏடா போன்ற மொழிகளில் மனிதர்கள் எழுதும் புரோகிராமை, சிப்புக்குப் புரியும் ஒன்றுகளாகவும் பூஜ்யங்களாகவும் மாற்றித் தருவது. சாதாரண கம்பைலர், தான் எந்தக் கம்ப்யூட்டரில் ஓடுகிறதோ அதே ரகக் கம்ப்யூட்டருக்குத்தான் மொழிபெயர்க்கும். கிராஸ் கம்பைலர் அப்படியல்ல. அது ஓடுவது மேஜைமேல் இருக்கும் கம்ப்யூட்டரில். அது தயாரிக்கும் புரோகிராம் ஓடப் போவது வேறெங்கோ இருக்கும் வேறு வகை சிப்பில். கேரியர் சாப்பாடு மாதிரி. சமைக்கும் இடம் ஒன்று, சாப்பிடும் இடம் இன்னொன்று. சாப்பிடுகிறவருக்கு எது ஒத்துக்கொள்ளும், எது ஒத்துக்கொள்ளாது என்பது சமைப்பவருக்கு அத்துப்படியாக இருக்க வேண்டும்.

அந்தந்த சிப்பிலேயே மொழிபெயர்த்துக்கொண்டால் என்ன? முடியாது, இடமில்லை. வாஷிங் மெஷின், மின்சார மீட்டர், மளிகைக் கடை எலெக்ட்ரானிக் தராசு எல்லாவற்றுக்குள்ளும் உட்கார்ந்திருப்பது மைக்ரோ கண்ட்ரோலர். பிராசஸர், நினைவகம், வெளியுலகத்தோடு பேசும் வாசல்கள் எல்லாம் ஒரே சிப்பில் அடங்கிய குட்டிக் கம்ப்யூட்டர். இந்தியப் பொறியியல் கல்லூரிகளில் பல தலைமுறை மாணவர்கள் படித்த 8051-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். இன்டெல் நிறுவனம் 1980-ல் கொண்டுவந்தது. புரோகிராமுக்கு 4 கிலோபைட், தகவலுக்கு வெறும் 128 பைட். யூனிகோடின் யுடிஎஃப் 8 முறையில் தமிழில் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட் தேவை என்பதால், இந்த ஒரு வாக்கியத்தை வைக்கக்கூட அந்த 128 பைட் போதாது. இதில் கம்பைலர் எங்கே குடியேறுவது?

இந்தச் சிக்கல் மைக்ரோ பிராசஸரோடு கூடவே பிறந்தது. அமெரிக்காவில் மான்டரேயின் கடற்படை முதுநிலைக் கல்லூரியில் ஆசிரியராக இருந்த கேரி கில்டால், இன்டெலுக்கு ஆலோசகராகவும் இருந்தார். இன்டெலின் 8008 சிப்புக்காக பிஎல்/எம் என்ற மொழியையும் அதற்கான கம்பைலரையும் 1973 வாக்கில் உருவாக்கினார். கம்பைலர் எழுதப்பட்டது ஃபோர்ட்ரான் மொழியில். ஓடியது பெரிய கம்ப்யூட்டர்களில். அது தந்த புரோகிராம் ஓடியதோ குட்டி சிப்பில். மைக்ரோசாஃப்ட் பிறந்த கதையும் கிட்டத்தட்ட இதேதான். 1975-ல் பில் கேட்ஸும் பால் ஆலனும் ஆல்டேர் கம்ப்யூட்டருக்கு பேசிக் மொழியை எழுதியபோது அவர்களிடம் ஆல்டேர் கிடையாது. ஹார்வர்டில் இருந்த பிடிபி 10 கம்ப்யூட்டரில், ஆல்டேரின் 8080 சிப்பைப் போலவே நடந்துகொள்ளும் ஒரு சிமுலேட்டரை ஆலன் எழுதினார். அதில் சோதித்ததைக் காகித நாடாவில் பதித்துக்கொண்டு அல்புகர்க்கிக்கு விமானம் ஏறினார். அங்கே முதன்முதலாக நிஜ ஆல்டேரில் நாடாவை ஓடவிட்டார், வேலை செய்தது.

கிராஸ் கம்பைலரை எப்படிக் கட்டுகிறார்கள்? முழுவதையும் முதலிலிருந்து எழுத வேண்டியதில்லை. நவீன கம்பைலருக்கு மூன்று பாகங்கள். முன்பாகம் மனிதர் எழுதிய மொழியைப் படித்துப் புரிந்துகொள்ளும். நடுப்பாகம் வீண் வேலைகளைக் களைந்து செப்பனிடும். பின்பாகம் குறிப்பிட்ட சிப்பின் கட்டளைகளாக எழுதித் தரும். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1987-ல் இலவசமாக வெளியிட்ட ஜிசிசி கம்பைலரின் வெற்றி ரகசியமே இந்தப் பிரிவினைதான். புதிய சிப் வந்தால் பின்பாகத்தை மட்டும் எழுதினால் போதும். சிப்பில் எத்தனை ரெஜிஸ்டர்கள், எந்தக் கட்டளை எதைச் செய்யும், எதற்கு எவ்வளவு நேரம் பிடிக்கும், ஒரு ஃபங்ஷனுக்குக் கொடுக்கும் மதிப்புகளை எங்கே வைப்பது - எல்லாவற்றையும் ஒரு ஜாதகம் போலக் கணித்துக் கொடுக்க வேண்டும்.

கட்டுவதற்கு ஒரு வரிசையும் உண்டு. முதலில் அசெம்ப்ளரும் லிங்கரும். அசெம்ப்ளர், சிப்பின் கட்டளைகளை எண்களாக்கும். லிங்கர், தனித்தனியாக மொழிபெயர்த்த துண்டுகளை ஒன்று சேர்த்து எது எந்த முகவரியில் இருக்க வேண்டும் என்று தீர்மானிக்கும். அடுத்து கம்பைலர். இங்கேதான் கோழி முதலா, முட்டை முதலா என்ற தகராறு வருகிறது. முழுமையான கம்பைலருக்குத் துணை நூலகங்கள் வேண்டும். அந்த நூலகங்களை அந்த சிப்புக்காக மொழிபெயர்க்கக் கம்பைலர் வேண்டும். வழி என்னவென்றால், முதல் சுற்றில் ஓர் அரைகுறைக் கம்பைலரைக் கட்டுவது. அதை வைத்து நூலகத்தை மொழிபெயர்ப்பது. இரண்டாவது சுற்றில் முழுக் கம்பைலரைக் கட்டி முடிப்பது. விண்டோஸ், லினக்ஸ் போன்ற எந்த ஆதரவும் அந்தக் குட்டி சிப்பில் கிடையாது என்பதால், மின்சாரம் வந்ததும் நினைவகத்தைச் சுத்தம் செய்து புரோகிராமை எழுப்பிவிடும் தொடக்க வரிகளையும் கூடவே எழுத வேண்டும்.

இதுவரை சொன்னது பொறுமை சோதிக்கும் வேலை. உண்மையான தலைவலி சிப்பின் குணத்தில் இருக்கிறது. சி மொழி வளர்ந்தது எல்லா நினைவகமும் ஒரே மாதிரி இருக்கும் கம்ப்யூட்டர்களில். 8051-ல் புரோகிராமுக்கு ஓரிடம், உள்ளே இருக்கும் தகவலுக்கு ஓரிடம், வெளியே இணைத்த நினைவகத்துக்கு வேறோர் இடம். ஒவ்வொன்றையும் தொட ஒவ்வொரு கட்டளை. ஃபங்ஷன்கள் தற்காலிகக் கணக்குகளைப் போட்டுவைக்கும் ஸ்டாக் பகுதிக்கும் அதே குறுகிய இடம்தான். சந்தீப் தத்தா என்பவர் எழுதி 1999-ல் இலவசமாக வெளியிட்ட எஸ்டிசிசி கம்பைலர் இதற்கு ஒரு வழி கண்டது. தற்காலிக மதிப்புகளை ஸ்டாக்கில் அடுக்காமல் ஒவ்வொன்றுக்கும் நிரந்தரமாக ஓர் இடத்தை ஒதுக்கிவிடும். இடம் மிச்சம். ஆனால் ஒரு ஃபங்ஷன் தன்னைத்தானே மறுபடி அழைத்தால், முதல் கணக்கின்மேல் இரண்டாவது கணக்கு எழுதப்பட்டுவிடும். அது தேவை என்றால் புரோகிராமர் வெளிப்படையாகக் கேட்டு வாங்க வேண்டும். சி மொழியின் சுதந்திரத்தில் கொஞ்சத்தைக் கொடுத்துத்தான் 128 பைட்டில் பிழைக்க முடிகிறது.

சிப்பை வார்த்த பிறகு கம்பைலர்காரர்களைக் கூப்பிட்டால் இப்படித்தான் ஒட்டுப்போட வேண்டியிருக்கும். நார்வேயில் இரண்டு மாணவர்களின் யோசனையாகத் தொடங்கிய ஏவிஆர் சிப் வேறு வழியில் போனது. கட்டளைத் தொகுப்பு முடிவாகும் முன்பே ஸ்வீடனின் ஐஏஆர் நிறுவனத்தின் கம்பைலர் நிபுணர்களிடம் காட்டினார்கள். சி மொழிக்கு எங்கெல்லாம் இடிக்கும் என்று அவர்கள் சொல்ல, சிப்பின் வடிவமைப்பையே மாற்றினார்கள். 1990-களின் பிற்பகுதியில் அட்மெல் நிறுவனம் வெளியிட்ட அந்தக் குடும்பத்தின் சிப்தான், 2005-ல் இத்தாலியில் பிறந்து இன்று பள்ளிப் பிள்ளைகள்வரை வந்துவிட்ட ஆர்டுயினோ பலகைகளிலும் உட்கார்ந்தது. ஆர்டுயினோவின் பொத்தானை அழுத்தியதும் பின்னணியில் ஓடுவது ஜிசிசி கிராஸ் கம்பைலர். அழுத்தும் மாணவருக்கு அது தெரியாமலே எல்லாம் நடந்துவிடுகிறது.

கம்பைலர் தப்பு செய்தால்? மேஜைக் கம்ப்யூட்டரில் என்றால் அணைத்துப் போட்டுக்கொள்ளலாம். பிரேக்கிலோ ராக்கெட்டிலோ அந்த வசதி கிடையாது. ஓர் உதாரணம். வெப்பமானியின் அளவு மாறும்வரை காத்திரு என்று புரோகிராமர் எழுதுகிறார். கம்பைலரின் நடுப்பாகம் பார்க்கிறது: இந்த மதிப்பை இந்தப் புரோகிராம் எங்குமே மாற்றவில்லையே, எதற்குத் திரும்பத் திரும்பப் படிக்க வேண்டும்? ஒரே தடவை படித்துவிட்டுப் பிறகு பார்ப்பதையே நிறுத்திவிடுகிறது. வெளியுலகம் அந்த மதிப்பை மாற்றும் என்பது அதற்குத் தெரியாது. இதைத் தெரிவிப்பதற்கென்றே சி மொழியில் வோலட்டைல் என்று ஒரு சொல் உண்டு. அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் எரிக் ஈடும் ஜான் ரெகரும் 13 கம்பைலர்களை எடுத்து அந்தச் சொல்லை அவை மதிக்கின்றனவா என்று சோதித்தார்கள். 2008-ல் வெளியான முடிவு: 13-லும் ஏதாவது ஒரு சூழ்நிலையில் தப்பு வந்தது. எல்லாமே நிஜமான தயாரிப்புகளில் பயன்படும் கம்பைலர்கள். அதே பல்கலைக்கழகத்தின் குழு, தானாகவே விசித்திரமான புரோகிராம்களை எழுதிக் கம்பைலர்களிடம் கொடுத்துப் பார்த்தது. 2011-ல் அவர்கள் வெளியிட்ட கணக்கின்படி, அதுவரை யாருக்கும் தெரியாத 325-க்கும் மேற்பட்ட கோளாறுகள் அகப்பட்டன.

இஸ்ரோ விக்ரமுக்கு முதலில் ஏடாவை எடுத்துக்கொண்டதை இந்தப் பின்னணியில் பார்க்க வேண்டும். அமெரிக்க ராணுவத் துறைக்காக உருவான அந்த மொழி, எண் அளவு மீறுகிறதா என்று கம்பைலர் வழியாகவே காவல் போடும். காவலுக்கும் செலவு உண்டு. ஐரோப்பாவின் ஏரியன் 5 ராக்கெட் 1996 ஜூன் 4-ம் தேதி, தன் முதல் பயணத்தில், கிளம்பி ஒரு நிமிடம் ஆவதற்குள் சிதறியது. 64 பிட் எண் ஒன்றை 16 பிட் இடத்தில் திணித்ததுதான் ஆரம்பம். எழுதிய மொழி ஏடாதான். ஆபத்து வரக்கூடிய 7 இடங்களில் 4-க்கு மட்டும் காவல் போட்டு, கம்ப்யூட்டரின் பளு கூடிவிடக் கூடாதென்று மற்ற 3-ஐ விட்டுவைத்திருந்தார்கள். பழைய ஏரியன் 4-க்கு அது போதுமானதாக இருந்தது. அங்கே கம்பைலர்மேல் குற்றமில்லை. ஆனால் காவலின் செலவு குறைந்தால் அதை எடுத்துவிடும் ஆசையும் குறையும். சிப்பின் ஒவ்வொரு கட்டளையையும் அறிந்த கம்பைலர்தான் அந்தச் செலவைக் குறைக்கும்.

கோளாறு ஒரு பக்கம். நம்பிக்கை இன்னொரு பக்கம். யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்ப்சன், டூரிங் விருது பெற்று ஆற்றி 1984-ல் வெளியான உரையில் ஒரு சங்கடமான உண்மையைக் காட்டினார். கம்பைலருக்குள் ஒரு கள்ள வாசலை ஒளித்துவைக்க முடியும். அந்தக் கம்பைலரைக் கொண்டு கட்டும் அடுத்த கம்பைலரிலும் அது தானாகவே புகுந்துகொள்ளும். மூல வரிகளை எத்தனை முறை படித்தாலும் அகப்படாது. இது வெறும் பயமுறுத்தல் அல்ல என்பதை 2015 காட்டியது. ஆப்பிளின் எக்ஸ்கோட் கருவித் தொகுப்பில் கலப்படம் செய்த நகல் ஒன்று சீனாவில் சுற்றியது. அதை நம்பி இறக்கிக்கொண்டவர்கள் தயாரித்த ஆப்களில் எல்லாம் அவர்களுக்கே தெரியாமல் உளவு வரிகள் புகுந்தன. சொந்த சிப்பை வைத்துக்கொண்டு, யாரோ கொடுத்த கம்பைலரைச் சோதிக்காமல் பயன்படுத்துவது, வீட்டைக் கட்டிவிட்டுச் சாவியை அடுத்த தெருவில் கொடுத்துவைப்பதற்குச் சமம்.

அப்படியானால் எல்லாவற்றையும் நாமே எழுதிக்கொள்ள வேண்டுமா? அதற்கு இஸ்ரோவிடமே இரண்டு பதில்கள் இருக்கின்றன. விக்ரமோடு சேர்த்து அன்று ஒப்படைக்கப்பட்ட இன்னொரு சிப் கல்பனா 3201. அது அமெரிக்காவின் சன் நிறுவனம் 1980-களில் வகுத்து, பிறகு பொதுத் தரமாகிவிட்ட ஸ்பார்க் கட்டளைத் தொகுப்பைப் பின்பற்றுகிறது. அதனால் வெளியே ஏற்கெனவே இருக்கும் திறந்த கம்பைலர்களை எடுத்துக்கொள்ள முடிகிறது. விக்ரமுக்கு அந்தச் சலுகை இல்லை. 2009 முதல் ராக்கெட்டுகளில் பறந்து வரும் 16 பிட் விக்ரம் 1601-ன் வாரிசு அது. கட்டளைத் தொகுப்பும் சொந்தம், கம்பைலரும் சொந்தம், அதன் பிழைகளும் சொந்தம். சென்னை ஐஐடியின் சக்தி, சி-டாக் நிறுவனத்தின் வேகா ஆகியவை கல்பனாவின் பாதையில் போகின்றன. கலிபோர்னியாவின் பெர்க்லியில் 2010-ல் தொடங்கி யாருக்கும் உரிமைத் தொகை கட்ட வேண்டாத பொதுச் சொத்தாகிவிட்ட ரிஸ்க் 5-ஐ அவை எடுத்துக்கொண்டன. 2017 முதல் ஜிசிசியிலேயே அதற்குப் பின்பாகம் இருக்கிறது.

1990-களில் அமெரிக்க நெருக்கடியால் கிரையோஜெனிக் தொழில்நுட்பம் கைநழுவிப் போனதைப் பார்த்த அமைப்பு, தனியாக ஒரு சாவி வைத்துக்கொள்ள விரும்புவதில் ஆச்சரியமில்லை. இரண்டு பாதைகளையும் திறந்து வைத்திருப்பது புத்திசாலித்தனம்தான். ஆனால் இரண்டுக்கும் விலை உண்டு, அதுவும் ஒரே தடவையில் கட்டித் தீர்க்கும் விலை அல்ல. ஜிசிசியின் உள்ளே இருந்த பழைய ஏற்பாடு ஒன்றை நீக்க அதன் பராமரிப்பாளர்கள் முடிவு செய்தபோது, புதிய முறைக்கு மாற்றி எழுதப்படாத சிப்களின் ஆதரவும் சேர்ந்து போகும் என்று அறிவித்தார்கள். பட்டியலில் ஏவிஆரும் இருந்தது. உலகெங்கும் பலகைகள் விற்றுக்கொண்டிருக்கும்போதே அவற்றின் கம்பைலருக்கு ஆள் இல்லை. வேலையை முடிப்பவருக்குப் பரிசுப் பணம் திரட்டும் அளவுக்குப் போய், 2021-ல்தான் ஆபத்து நீங்கியது. திறந்த கம்பைலருக்கே இந்தக் கதி என்றால், ஒரே ஓர் அமைப்பின் சுவர்களுக்குள் வாழும் கம்பைலருக்கு, அதை எழுதிய பத்துப் பேர் ஓய்வு பெற்ற பிறகு யார் கதி?

மத்திய அரசு 2021 டிசம்பரில் செமிகண்டக்டர் திட்டத்துக்கு 76,000 கோடி ரூபாய் அறிவித்தது. பணம் கட்டடமாக, இயந்திரமாக மாறும்போது கண்ணுக்குத் தெரிகிறது, ரிப்பன் வெட்டலாம். கம்பைலருக்கு ரிப்பன் கட்ட இடமில்லை. கல்லூரிகளில் கம்பைலர் என்பது ஒரு பேப்பர். இலக்கணப் படம் வரைந்து மார்க் வாங்கியதோடு சரி. பம்பாய் ஐஐடியின் ஜிசிசி ரிசோர்ஸ் சென்டர், ஜிசிசியின் உட்புறத்தைத் திறந்து காட்டப் பயிலரங்குகள் நடத்தியது. அப்படி ஒன்று போதாது. சக்தி, வேகா சிப்களுக்கான கம்பைலரைத் தாங்களே கட்டி, அதில் ஒரு பிழையையாவது கண்டுபிடித்துத் திருத்திய மாணவர்கள் ஆண்டுதோறும் வெளியே வர வேண்டும். ஒரு சிப்புக்குப் பணம் ஒதுக்கும்போதே அதன் கம்பைலரை அந்த சிப் பயனில் இருக்கும் காலம் முழுக்கப் பராமரிக்கவும் ஒதுக்க வேண்டும். ராக்கெட்டில் போகும் சிப்புக்கு அது இருபது ஆண்டுகளாகவும் இருக்கலாம்.

விக்ரமின் முதல் சிப்கள், 2024 டிசம்பர் 30-ம் தேதி கிளம்பிய பிஎஸ்எல்வி சி 60-ன் கடைசிப் பகுதியில் விண்வெளிக்குப் போய் வேலை செய்து காட்டிவிட்டன. அதன் சி கம்பைலர் தயாராகும் நாளில் பிரதமரிடம் நீட்ட யாரும் பெட்டி தேடப் போவதில்லை. பெட்டி இல்லாவிட்டால் போகட்டும். அதை எழுதியவர்களுக்கும் அவர்களுக்குப் பின் வருகிறவர்களுக்கும் சம்பளம் பட்ஜெட்டில் ஒரு வரியாக இருந்தால் போதும்.